கை ஏறாத ஏழு நாட்கள்

1979 அக்டோபர் 8, திங்கட்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் 5.40 வரை வந்தது; மூன்று குடம். 6.20 பஸ். 6.45க்கு ஆஸ்பத்திரி. 7 மணிக்கு இரவு டூட்டி சிஸ்டரிடமிருந்து பெண்கள் சர்ஜரி வார்டைப் பொறுப்பேற்றேன். படுக்கை பதினான்கு, நோயாளிகள் பதினொருவர். சிரிஞ்சுகள் கொதித்து ஆறியிருந்தன. கையுறை ஒன்பது ஜோடி பவுடர் போட்டுத் தயார். ஒன்றில் ஓட்டை, ஒதுக்கி வைத்தேன். நாலாம் படுக்கை ஹாஜராவுக்குக் கட்டு மாற்றினேன். காயம் சுத்தம். கை, தோளுக்கு மேல் நாலு அங்குலம். ஐந்தாம் படுக்கைக்குக் குரும்பகரத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மாள் அட்மிஷன், ஆபரேஷன் புதன்கிழமை. மழை இல்லை.

டைரியில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். விருப்ப ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் பழைய வார்டுக்குப் போனபோது ஒரு அறை வாசலில் ‘கவுன்சலிங்’ என்று புதுப் பலகை மாட்டியிருந்தது. இப்போது அங்கே டூட்டியில் இருக்கும் பெண்கள், “உங்க காலத்துல இதெல்லாம் யாருங்க மேடம் செஞ்சாங்க?” என்று கேட்டார்கள். “நாங்கதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பதில் முழுவதும் உண்மையில்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் 79-ஆம் வருடத்து டைரியை எடுத்தேன்.

நான் நர்ஸ் படிப்பு முடித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருடம், வெள்ளைக் கஞ்சிப் புடவை, படுக்கை விரிப்பின் மூலை நாற்பத்தைந்து டிகிரியில் மடிந்திருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த ஒரு வார்டன். எழுபத்திரண்டில் காரைக்காலுக்கே வேலை கிடைத்து வந்தேன். எழுபத்தைந்திலிருந்து சர்ஜரி வார்டு.

அங்கேதான் பெரிய டாக்டர் இருந்தார். பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக் கப்பலேறியபோது இவர் மட்டும் தங்கிவிட்டவர். தியேட்டரில் கத்தரியை எடுத்துக் கொடுத்தால் “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். தரை துடைக்கும் ஆயாவையும் “கொஞ்சம் நகந்துக்கிறீங்களா” என்றுதான் கேட்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அவர் பேசுவது காதில் விழாத அளவுக்குத் தணிந்தால் அன்றைக்கு யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

மார்பில் கட்டி என்று வரும் பெண்களுக்கு அவர்தான் ஆபரேஷன் செய்வார். அந்த நாளில் புற்று என்ற சொல்லை வார்டில் உச்சரிப்பதில்லை. கணவரையோ அண்ணன் தம்பியையோ தன் அறைக்கு அழைத்துச் சொல்வார். நோயாளியிடம் “கட்டிய எடுத்தாச்சு, மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்தா அதையும் சுட்டுட்டா நல்லது” என்பார். அந்தச் சுடுவதற்குத்தான் கோபால்ட் மெஷின். ஜனங்கள் அதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். மெஷின் எங்கள் ஊரில் கிடையாது. மேற்கே மூன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். கடிதம் போட்டால் ஒரு தேதி தருவார்கள். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேதி வந்தால் மட்டும் போதாது, கையும் ஏற வேண்டும். மார்பை எடுத்த பிறகு அந்தப் பக்கத்துத் தோள் இறுகிக்கொள்ளும். மெஷினுக்கு அடியில் படுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தால்தான் அக்குளில் கரண்ட் படும். கை தூக்க முடியாதவர்களை அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பெரிய டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வார்டின் கிழக்குச் சுவரில் நோயாளியை முகம் பார்க்க நிறுத்தி, விரல்களால் சுவரைப் பற்றிப் பற்றி, பல்லி ஏறுவதுபோல் கையை மேலே கொண்டுபோகச் சொல்வோம். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. தோளுக்கு மேல் ஒரு அடியில் சிவப்புப் பென்சில் கோடு இருக்கும். அதைத் தொட்டால் பயணத்துக்குத் தயார். காலை 9.40க்கு டாக்டர் வருவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோட்டுக்கு மிக அருகில் போய்ப் பார்ப்பார். வீட்டுக்கு அனுப்பினால் இதையெல்லாம் செய்ய மாட்டார்கள், திரும்பியும் வர மாட்டார்கள் என்று தேதி வரும்வரை வார்டிலேயே வைத்துக்கொள்வார்.

சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களை அந்தச் சுவர்ப் பக்கம் அவர் விட்டதில்லை. கோடுகளும் தேதிகளுமாக அது ஒரு பெரிய கணக்கு நோட்டுப் போல இருக்கும். மதியம் மூன்று மணிக்கு வார்டு அடங்கியபின், நானும் ஆயா மதலம்மாளும் அந்தச் சுவருக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடிப்போம். கடல் காற்று ஜன்னல் வழியே வந்து மடித்து வைத்ததைக் கலைக்கும். மதலம்மாள் காற்றைத் திட்டுவார். என் வேலைக்காலத்தில் திரும்பக் கிடைக்காதா என்று நான் ஏங்கும் நேரம் அதுதான்.

எழுபத்தேழில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைக் கரண்ட் வைக்க நான்தான் அழைத்துப் போனேன். வழியெல்லாம் பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மெஷின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். “தண்ணி குடிச்சிட்டு வர்றேன் சிஸ்டர்” என்று போனவர், நேராக பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். மறு வருடம் முதுகெலும்பில் வலியோடு எங்கள் வார்டுக்கே வந்தார். சித்திரையில் இறந்தார். அவருக்குத் தைரியம் போதவில்லை என்று அன்றைக்கு நான் முடிவு கட்டியிருந்தேன். டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தைரியம் சொல்வதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன்.

இனி ஹாஜரா. வயது நாற்பத்தொன்று. பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெரு. கணவர் துபாயில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவளுக்குப் பதினொரு வயது. ஆபரேஷன் செப்டம்பர் 14. கூட இருந்து பார்த்துக்கொண்டவர் கணவரின் அக்கா சபுரா. அவர் வந்தால் வார்டு வாசலிலேயே தெரிந்துவிடும், அப்படி ஒரு குரல். தூக்குப்பாத்திரத்தில் இடியாப்பமும் ஆணம் என்கிற குழம்பும் கொண்டுவந்து, பக்கத்துப் படுக்கைக்கும் ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் தம்பி மனைவிக்கு ஊட்டுவார்.

“தின்னுடி. ஒன் புருசன் தந்தி அடிச்சிருக்கான், ஒடம்பப் பாத்துக்கோன்னு. ஒடம்பத்தான் நாங்க இங்க பாதியாக்கி வெச்சிருக்கோமே.”

“மதினி, மெல்லப் பேசுங்க.”

“ஏன்? இங்க யாருக்குத் தெரியாது?”

ஹாஜரா அதிகம் பேச மாட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வார். 8-ஆம் தேதி நாலு அங்குலம். 9-ஆம் தேதி ஐந்து. 10-ஆம் தேதி ஆறரை. கோபால்ட் தேதி அக்டோபர் 25, வியாழன் என்று கடிதம் வந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் 17-ஆம் தேதிக்குள் சிவப்புக் கோட்டைத் தொடுவார் என்று எழுதி வைத்தேன்.

11-ஆம் தேதி காலை, ஆறரையிலேயே நின்றது. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் ஆறு. அடுத்த நாள் திரும்பவும் ஆறரை. விரல்கள் சுவரில் ஏறிப் பழைய கோட்டுக்கு வரும், அங்கே நின்றுவிடும். முகத்தைச் சுளிப்பார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். தோளைப் பிடித்துவிட்டேன். கடைசியில் கண்டித்தும் பார்த்தேன்.

“நீங்க முயற்சி பண்ணலைன்னா இன்னும் இறுகிடும். அப்புறம் அங்க திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?”

“பண்றேன் சிஸ்டர். ஏற மாட்டேங்குதே.”

ஐந்தாம் படுக்கை அஞ்சலை ஆபரேஷன் முடிந்து படுத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். தொந்தரவே இல்லாத நோயாளி என்று குறித்திருக்கிறேன்.

17-ஆம் தேதி புதன், பிற்பகல் 3.25. பருவமழையின் முதல் பெரிய மழை. காற்று திடீரென்று சுழன்று வந்து, மேல் ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்தன. மேல் தாழ்ப்பாள் என் உயரத்துக்கே எட்டிப் பிடிக்க வேண்டிய ஒன்று. நான் வார்டின் மறுகோடியில் நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஹாஜரா அஞ்சலையின் தலைமாட்டில் குதிகாலை உயர்த்தி நின்று தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஆன வலது கை. முழுதாக நீண்டிருந்தது. அன்று அவர் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாணாவது எட்டியிருப்பார்.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

நான் போய் அவர் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தேன். கோபம்தான் இருந்தது. ஒரு வாரமாக என்னை ஏமாற்றியிருக்கிறார்.

“கை நல்லாத்தான் ஏறுது.”

“ஆமா சிஸ்டர்.”

“எத்தன நாளா?”

“ஒரு வாரம் இருக்கும்.”

“அப்ப செவுத்துல ஏன் ஏற மாட்டேங்குது?”

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். “ஏறிட்டா அனுப்பிடுவீங்கல்ல.”

“அனுப்பாம? உங்களுக்கு நல்லதுக்குத்தானே? கட்டி மிச்சம் இருந்தா...”

“கட்டின்னு சொல்லாதீங்க சிஸ்டர். கட்டிக்கு யாராச்சும் மாரையே எடுப்பாங்களா? எனக்குத் தெரியும். பேரு மட்டும் நீங்களும் சொல்றதில்ல, நானும் கேக்கறதில்ல.”

மழைச் சத்தத்தில் அவர் குரல் சன்னமாகத்தான் கேட்டது.

“சாவுக்குப் பயப்படலங்க. போறதா இருந்தா போய்த்தான் ஆவணும். அந்த ரூமுக்கு என்னால போவ முடியாது.”

“அன்னிக்கு எல்லாம் வெளக்கமா சொன்னேனே. ஆம்பளைங்க யாரும் உள்ள நிக்க மாட்டாங்கன்னு?”

“அதத்தாங்க சொல்றேன். நீங்க என்ன சொன்னீங்க? ‘படுக்க வெச்சுட்டு எல்லாரும் வெளிய போயிடுவாங்க. கதவ சாத்திடுவாங்க. உள்ள நீங்க மட்டும்தான், ஒரு ஈ காக்கா இருக்காது’ன்னு சொன்னீங்க.”

“ஆமா. உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு...”

“ஆம்பள முன்னாடி என்னங்க கூச்சம்? அறுத்தவரே ஆம்பளதானே?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கள்ள மவுத்தாயிட்டா கபுறுக் குழிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. உள்ள படுக்க வெப்பாங்க. மூடுவாங்க. அப்புறம் எல்லாரும் திரும்பிப் போயிடுவாங்க. போறவங்க காலடிச் சத்தம் உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்குமாம். அது ஓஞ்சப்பறம்தான் கேள்வி கணக்கு. எங்க உம்மா சின்னப் புள்ளயில சொல்லுவாங்க. பொம்பளைங்க கபுறுஸ்தானுக்குப் போறதில்ல, நான் கண்ணால பாத்ததில்ல. ஆனா கேட்டுக் கேட்டுப் பாத்த மாதிரியே இருக்கு. நீங்க அன்னிக்கு சொல்லச் சொல்ல, எனக்கு அதுதான் தெரிஞ்சுது.”

“ஹாஜரா, அது ரெண்டு நிமிசம்...”

“ஒரு தடவன்னா பல்லக் கடிச்சுக்குவேன். இருவத்தஞ்சு நாள் சிஸ்டர். தெனம் வெச்சு மூடிட்டுப் போவாங்க. தெனம் அந்தக் காலடி கேக்கும்.”

வீட்டுக்குப் போனதும் டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். அக்டோபர் 10, மாலை 4.30. ‘நாலாம் படுக்கைக்குத் தைரியம் சொன்னேன். இஸ்லாமியப் பெண் என்பதால் ஆண்களைப் பற்றிய பயம் இருக்கும் என ஊகித்து, தனியாகத்தான் இருப்பார் என்பதை விளக்கினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.’ அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் ஆறரை அங்குலம். ஏழு நாள் கோடுகளையும் நானே என் கையெழுத்தில் வரிசையாகப் பதிந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் 9.40க்குப் பெரிய டாக்டர் வந்தபோது சுவருக்குப் போக விடாமல் தனியே நிறுத்திச் சொன்னேன். என் தவறு என்பதையும் சொன்னேன். அவர் குரல் தணியப்போகிறது என்று காத்திருந்தேன். சாதாரணமாகத்தான் பேசினார்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா சிஸ்டர்? நீங்க அந்த ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?”

“இல்லைங்க டாக்டர். வெளி பெஞ்சு வரைக்கும்தான்.”

“நானும் போனதில்ல. மெஷின புஸ்தகத்துல பாத்திருக்கேன்.” கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார். “அப்ப நாம ரெண்டு பேரும் இத்தன வருசமா எதப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தோம்?”

அங்கேயே நின்று மெஷின் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தீபாவளி கழிந்து திங்கட்கிழமை, 22-ஆம் தேதி, எனக்கு டூட்டி லீவு போட்டு அனுப்பினார். “போய்ப் படுத்துப் பாருங்க. நல்லதா கெட்டதான்னு பாக்காதீங்க. இருக்கறத அப்படியே எழுதிட்டு வாங்க” என்றார்.

அங்கே மெஷினைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியனுக்கு ஐம்பது வயது இருக்கும். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“மெஷினப் பாக்கணும்னு வருவாங்க. படுத்துப் பாக்கறேன்னு வந்தது நீங்கதாம்மா. சும்மாதானே? கரண்ட் கேக்க மாட்டீங்களே?”

“கரண்டப் போடாதீங்க. மத்ததெல்லாம் நெசமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க.”

எழுதி வந்தது இது: அறை பதினாறு அடிக்குப் பதினாறு. வெளிச்சம் வரும் ஜன்னல் கிடையாது. சுவர் வெளிர்ப் பச்சை. மேஜை இரும்பு, மேலே மெல்லிய மெத்தை, ரெக்சின் உறை. முதுகில் சில்லென்று படும். மெஷினின் தலை ஒரு பெரிய அண்டா அளவு. முகத்துக்கு மேலே வரும், ஆனால் தொடாது. கையைத் தலைக்கு மேல் ஒரு மரத்தாங்கியில் வைப்பார்கள். தோலில் ஊதா மையால் கோடு போடுவார்கள். எரியாது, ஆனால் இருபத்தைந்து நாளும் முடியும்வரை அதை அழியவிடக் கூடாது. பிறகு ‘அசையாதீங்க’ என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். செருப்புச் சத்தம் ஒன்பது அடி கேட்டது. கதவு மிகக் கனம், மூடும்போது தரை லேசாக அதிரும். அதன்பின் சத்தமே இல்லை. என் காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது. நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பதில் கை தாங்கியிலிருந்து நழுவத் தொடங்கியது. நாற்பத்தைந்தில் எழுந்து கதவைத் தட்டலாம் என்று நினைத்தேன்.

நாற்பத்தெட்டில் சுவர் மூலையிலிருந்த ஒரு பெட்டி கரகரத்தது. “சிஸ்டர், கை எறங்குது. மேல வையுங்க.”

அந்தக் குரல் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதையும் எழுதி வந்தேன்.

வெளியே வந்து பார்த்தேன். படுத்திருப்பவர் கண்ணில் படாத, கனமான கண்ணாடி வைத்த ஒரு சின்னத் திறப்பு வழியாக டெக்னீஷியன் உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கிறார். கையருகே ஒரு மைக். கதவின் மேல் ஒரு சிவப்பு விளக்கு.

“இதுல எப்பப் பேசுவீங்க?”

“அசைஞ்சா பேசுவேன். இல்லன்னா எதுக்கு?”

“வேற யாராவது பேசலாமா? நோயாளியோட சொந்தக்காரங்க?”

தலையைச் சொறிந்தார். “பேசலாம்னு ரூல் இல்ல. பேசக் கூடாதுன்னும் இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா.”

செவ்வாய்க்கிழமை மதியம், காஸ் மடிக்கும் நேரத்தில், ஹாஜராவையும் சபுராவையும் உட்கார வைத்து எழுதி வந்ததை முதல் வரியிலிருந்து படித்தேன். ஒன்றையும் விடவில்லை. ஒன்பது அடிச் சத்தத்தையும் விடவில்லை. ஹாஜரா அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தைந்து என்று படித்ததும் திறந்தார்.

“நீங்க பயந்தீங்களா?”

“ஆமாங்க. நெசமாவே பயந்தேன்.”

“நர்ஸம்மாவே பயந்தாங்களாம்டி!” என்று சபுரா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஹாஜரா சிரிக்கவில்லை. மைக்கைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார். அங்கிருந்து பேசினால் உள்ளே தெளிவாகக் கேட்குமா, உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் பார்த்துக்கொண்டே இருப்பாரா. ஆமாம், ஆமாம் என்றேன்.

“கபுறுல யாரும் பேச மாட்டாங்க” என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அன்றிரவு நான் தூங்கவில்லை. வருவேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஆசிரியை தண்ணீர் குடிக்கப் போன முதுகு கண்ணுக்குள் நின்றது.

புதன் காலை 9.40. பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றார். ஹாஜரா சுவருக்கு முன்னால் போய் நின்று, விரல்களை வைத்து, நிதானமாக ஏற்றினார். ஆறரையில் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்டியும் ஏறியது. டாக்டர் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தானே கோடு போட்டார். “மெர்சி” என்றார், தியேட்டரில் சொல்வது போலவே.

25-ஆம் தேதி அதிகாலை 4.45க்கு ஆஸ்பத்திரி வேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஹாஜராவின் கையில் தஸ்பீஹ் என்ற ஜெபமணி ஓடிக்கொண்டே இருந்தது. சபுரா மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினார். 11.10க்கு உள்ளே அழைத்தார்கள். நானும் கூடப் போய்ப் படுக்க வைத்தேன். வெளியே வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. டெக்னீஷியன் மைக்கைச் சபுராவின் பக்கம் நகர்த்தினார்.

அவ்வளவு பேசுகிறவருக்கு மைக்கைக் கண்டதும் வாய் அடைத்துவிட்டது. நான் முழங்கையால் இடித்தேன்.

“ஹாஜரா. நான்தான் மதினி. கேக்குதா? பதில் சொல்லாத, அசையக் கூடாதாம்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்னத்தடி சொல்லுவேன். நம்ம வூட்டு முருங்கையப் பக்கத்து வூட்டு ஆடு மேஞ்சுருச்சு. கேக்கப் போனா, எங்க ஆடு முருங்க திங்காதுங்கறா. ஆடு முருங்க திங்காதாம்! அப்ப ஒன் புருசனா வந்து தின்னான்னு கேட்டுட்டேன். அவன் அங்கதான் ஒக்காந்திருக்கான், வாயில முருங்கக் குச்சியோட, பல்லு வெளக்கிக்கிட்டு...”

கண்ணாடி வழியே பார்த்தேன். ஹாஜராவின் வயிறு குலுங்கத் தொடங்கியது.

“அம்மா, அம்மா, சிரிக்க வெக்காதீங்க! நெஞ்சு ஆடக் கூடாது!” என்று டெக்னீஷியன் பதறினார். பதறிய அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

“இந்தா, சிரிக்காதங்கறாருடி. சரி, துக்கமானது சொல்றேன். அரிசி வெல...”

விளக்கு அணைந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி. ஹாஜரா எழுந்து உட்கார்ந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. “காலடிச் சத்தமே கேக்கலியே சிஸ்டர்” என்றார். பிறகு சபுராவிடம் திரும்பி, “அவன் என்ன சொன்னான் மதினி?” என்று கேட்டார்.

“நாளைக்குச் சொல்றேன். இன்னும் இருவத்துநாலு நாள் இருக்குல்ல.”

அவர்களை அங்கே தங்க வைத்துவிட்டு நான் திரும்பினேன். இருபத்தைந்து நாளையும் ஹாஜரா முடித்தார். சோதனைக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார். எண்பத்தெட்டில் மூத்த மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட வந்தபோது பத்திரிகையை வலது கையால் நீட்டினார்.

ஆனால் 79-ஆம் வருடத்து டைரியில் 25-க்கு அடுத்த பக்கம் இருக்கிறது. 26, வெள்ளிக்கிழமை. காலை 7 மணிக்கு வார்டைப் பொறுப்பேற்றேன். கையுறையை எண்ணவில்லை, சிரிஞ்சைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக ஒரு ஸ்டூலை ஐந்தாம் படுக்கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அஞ்சலை வழக்கம்போல் தலையாட்டத் தயாரானார்.

“இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லங்க. கரண்ட் வெக்கிறதப் பத்தி உங்களுக்கு என்ன தோணுதோ கேளுங்க.”

“நீங்க சொன்னா சரிங்க சிஸ்டரு.”

“இல்ல. நீங்க கேளுங்க.”

விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. 7.20க்கு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“கரண்ட் வெச்ச ஒடம்போட போயி நின்னா, மாடு என்ன அண்ட வுடுங்களா? மெரளாதுங்களா? எங்கிட்ட மட்டுந்தாங்க அது பால் கறக்க நிக்கும்.”

எனக்குத் தெரியாது என்றேன். டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று ஒரு தாளில் தலைப்பிட்டு, அதை முதலாவதாக எழுதினேன்.